கப்பலில் உயர்தர விருந்து: பணம் எதற்கு, முறை எதற்கு?

உல்லாசக் கப்பல் பயணச்சீட்டின் விலையில் சாப்பாடும் அடக்கம். அதே கப்பலில் ஓர் இரவு உணவுக்கு ஆளுக்கு ஐம்பது, அறுபது டாலர் கேட்கும் உணவகமும் இருக்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் முதலாவதை மட்டும் கேள்விப்பட்டுப் போகிறவர், கடைசி நாள் கணக்கைப் பார்த்துத் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறார். இரண்டாவதை மட்டும் கேள்விப்பட்டவர், பணம் கட்டாவிட்டால் நல்ல சாப்பாடே கிடைக்காது என்று பயந்து தேவையில்லாத சலுகைத் திட்டங்களை எல்லாம் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார். இவற்றோடு, கோட் போடாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், எந்த முள்கரண்டியை எடுப்பது என்று தெரியாவிட்டால் அவமானம் என்ற பேச்சுகள் வேறு.

இந்தக் குழப்பம் எல்லாவற்றையும் ஒரே நூலைப் பிடித்து அவிழ்க்கலாம். கப்பலில் நாற்காலிகளின் எண்ணிக்கை மாறாது. வெளியிலிருந்து புதிதாக ஒரு வாடிக்கையாளரும் வரமாட்டார். விலைக்கும் சரி, முறைகளுக்கும் சரி, பெரும்பகுதிக் காரணம் இதுதான்.

பந்தியும் தனிச் சமையலும்

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு, யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் இருநூறு பேர் உட்காரும் கூடத்தில் எண்ணூறு பேர் சாப்பிட்டாக வேண்டும். அதனால் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று பிரிக்கிறார்கள். சமையலும் அண்டா அண்டாவாக, ஒரே பட்டியலின்படி நடக்கிறது. கைதேர்ந்த சமையற்காரர் அமைந்துவிட்டால் அந்தச் சாப்பாடு அருமையாகவே இருக்கும். ஆனால் எனக்கு மட்டும் காரம் குறைத்து, இவருக்கு மட்டும் நெய் கூட்டி என்று ஒவ்வொருவருக்காகவும் அடுப்பில் நின்று செய்ய முடியாது.

கப்பலின் முதன்மை உணவரங்கம் இந்தப் பந்தி முறையில்தான் இயங்குகிறது. மாலை ஆறு மணியளவில் ஓர் அமர்வு, எட்டு அல்லது எட்டரைக்கு அடுத்தது. மரபான ஏற்பாட்டில் பயணம் முழுவதும் உங்களுக்கு ஒரே மேசை, அதே பரிமாறுபவர்கள். இரண்டாயிரமாவது ஆண்டில் நார்வேஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில் நேரமும் மேசையும் குறிக்காத முறையைக் கொண்டுவந்தது. இப்போது பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இரண்டில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இங்கேயே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். முதன்மை உணவரங்கம் ஏதோ இலவசக் கஞ்சித் தொட்டி போலப் பலர் பேசுகிறார்கள். அங்கே மேசை விரிப்பு உண்டு, துணி நாப்கின் உண்டு. முன்னுணவு, முக்கிய உணவு, இனிப்பு என்று வரிசையாகத் தட்டு தட்டாகப் பரிமாறுகிறார்கள். முதல்முறை போகிறவருக்கு அதுவே முழுமையான உயர்தர விருந்து. மேல்தளத்தில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே வேறு, இது வேறு.

இதற்கு அடுத்த படிதான் சிறப்பு உணவகம், அதாவது தனிக் கட்டணம் வாங்கும் சிறிய உணவகம். ராயல் கரீபியன் கப்பல்களில் சாப்ஸ் கிரில், நார்வேஜியனில் கேக்னீஸ், பிரின்சஸில் கிரௌன் கிரில் ஆகியவை இந்த வகை. மூன்றுமே மாட்டிறைச்சி வறுவலுக்குப் பெயர்போன ஸ்டேக்ஹவுஸ்கள். இத்தாலிய, பிரெஞ்சு, ஜப்பானிய உணவகங்களும் இருக்கும். இங்கே உங்கள் தட்டு நீங்கள் கேட்ட பிறகுதான் அடுப்பேறுகிறது. ஒரு பரிமாறுபவர் கவனிக்கும் மேசைகளும் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பலில் ஐயாயிரம் பயணிகள். சிறப்பு உணவகம் ஒன்றில் நூற்றிருபது நாற்காலிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாற்காலியில் ஓர் இரவுக்கு இரண்டு பேர் என்றால் 240 பேர். ஏழு இரவுகளில் 1,680 பேர். கட்டணமே இல்லாவிட்டாலும் பயணிகளில் மூன்றில் ஒருவருக்குத்தான், அதுவும் ஒரே ஒரு முறைதான், அங்கே இடம் கிடைக்கும். யாருக்கு அந்த இடம் என்று தீர்மானிக்க ஏதோ ஒரு வழி வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் விலையை அந்த வழியாக வைத்திருக்கின்றன.

சுருங்கச் சொன்னால், பயணச்சீட்டு உங்களுக்குப் பந்தியில் ஓர் இடத்தை உறுதிசெய்கிறது. கூடுதல் கட்டணம், குறைவான நாற்காலிகளில் ஒன்றுக்கும் உங்களுக்கென்று செலவிடப்படும் உழைப்புக்கும் போகிறது.

டைட்டானிக்கிலும் இருந்த ஏற்பாடு

தனிக் கட்டண உணவகம் என்பது இன்றைய நிறுவனங்களின் பேராசையில் பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1905-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனம் ‘அமெரிக்கா’ என்ற கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் ஓர் உணவகத்தைத் திறந்தது. விரும்பிய உணவை விரும்பிய நேரத்தில் கேட்டு வாங்கித் தனியாகப் பணம் கொடுக்கும் உணவகம் அது.

1912-இல் டைட்டானிக்கிலும் அப்படி ஒன்று இருந்தது. முதல் வகுப்புப் பயணிகளின் உணவுக்கூடம் பயணக் கட்டணத்திலேயே அடக்கம். அதைத் தவிர அ லா கார்ட் உணவகம் ஒன்றை லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் பொறுப்பேற்று நடத்தினார். அ லா கார்ட் என்றால் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனி விலை போட்டிருக்கும் முறை. அந்தக் காலத்து ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்த விவரம் ஒன்று உண்டு. பயணம் முழுவதும் உணவுக்கூடத்தின் பக்கமே போகாமல் இந்த உணவகத்திலேயே சாப்பிடுவதானால், பயணக் கட்டணத்தில் சில பவுண்டுகளைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

இன்று அந்தக் கழிவு கிடையாது. ஏழு இரவும் சிறப்பு உணவகத்திலேயே சாப்பிட்டாலும், முதன்மை உணவரங்கத்தில் நீங்கள் சாப்பிடாமல் விட்ட ஏழு விருந்துகளுக்கான பணம் திரும்பி வராது. அவற்றுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. தினமும் சிறப்பு உணவகம் என்ற ‘வரம்பற்ற’ திட்டங்களை முதல்முறை பயணிகள் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

கப்பல் நிறுவனங்களுக்கு இந்த வருமானம் எவ்வளவு முக்கியம்? கார்னிவல் என்ற கப்பல் குழுமத்தின் 2023-ஆம் ஆண்டு வருவாய் சுமார் 2,160 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 750 கோடி டாலர், பயணச்சீட்டு விற்பனைக்கு வெளியே வந்தது. மதுபானம், சூதாட்டக்கூடம், கரைச் சுற்றுலா, சிறப்பு உணவகம் எல்லாம் சேர்ந்த தொகை அது. சீட்டு விலையைக் குறைவாகக் காட்டி ஆளைக் கப்பலேற்றுவது, பிறகு உள்ளே செலவிட வைப்பது என்பதுதான் பெரிய நிறுவனங்களின் தொழில்முறை. உள்ளே போன பிறகு வேண்டாம் என்று சொல்லும் உரிமை முழுக்க உங்களிடம் இருக்கிறது.

பில்லில் என்னென்ன இருக்கும்?

சிறப்பு உணவகங்கள் இரண்டு விதமாக விலை வைக்கின்றன. ஒன்று கவர் சார்ஜ்: ஆளுக்கு ஒரு நிலையான தொகை, முன்னுணவு முதல் இனிப்பு வரை அதில் அடங்கும். மற்றொன்று மேலே சொன்ன அ லா கார்ட். கவர் சார்ஜ் உள்ள இடத்திலும் சில விலையுயர்ந்த பண்டங்களுக்கு, உதாரணமாகப் பெரிய லாப்ஸ்டருக்கு, கூடுதல் தொகை போட்டிருப்பார்கள். பட்டியலில் பண்டத்தின் பக்கத்தில் ஓர் எண் தெரிந்தால் அது அதன் விலை. முதன்மை உணவரங்கத்திலும் இப்படிப்பட்ட சில பண்டங்கள் நுழைந்துவிட்டன. ஆகவே அங்கும் கண்ணை ஓட்டிவிட்டுச் சொல்வது நல்லது.

பெரிய நிறுவனங்களின் ஸ்டேக்ஹவுஸ் இரவு உணவு ஆளுக்குச் சுமார் 40 முதல் 80 டாலர் வரை போகிறது. டிஸ்னியின் சில கப்பல்களில் உள்ள ரெமி என்ற பிரெஞ்சு உணவகம் போன்றவை நூறு டாலரைத் தாண்டும். விமான டிக்கெட் போலவே இங்கும் விலை ஏறி இறங்கும். கப்பல் புறப்படும் முன் இணையத்தில் முன்பதிவு செய்தால் பெரும்பாலும் குறையும். கடலிலேயே கழியும் நாட்களில் சில உணவகங்கள் மதிய உணவும் தருகின்றன. அதே சமையல், அதே நாற்காலி, குறைந்த கட்டணம். ருசி பார்க்க நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது மதிய உணவைத்தான்.

அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது சேவைப் படி. அதிகக் குழப்பம் இதில்தான். இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. முதலாவது தினப் படி: அமெரிக்கச் சந்தையைச் சார்ந்த பெரிய நிறுவனங்களில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை, உங்கள் அறைக்கணக்கில் தானாகவே ஏறும். முதன்மை உணவரங்கத்தில் பரிமாறுபவர்கள், அறையைச் சுத்தம் செய்பவர், கண்ணில் படாத உதவியாளர்கள் ஆகியோருக்கு இது பங்கிடப்படுகிறது. இரண்டாவது, சிறப்பு உணவகக் கட்டணத்தின் மீதும் மதுபானங்களின் மீதும் விழும் 18 அல்லது 20 சதவீதம். சில நிறுவனங்கள் இதை விலையிலேயே சேர்த்துச் சொல்கின்றன, சில தனியாகச் சேர்க்கின்றன. ‘இலவச’ சிறப்பு உணவு என்று விளம்பரம் செய்யும் திட்டங்களில் உணவுதான் இலவசமாக இருக்கும். அதன் மதிப்பின் மீதான சேவைப் படியைக் கேட்பார்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு: கார்க்கேஜ். நீங்கள் கொண்டுபோன ஒயின் புட்டியை உணவகத்தில் திறந்து பரிமாற வாங்கும் தொகை. பல நிறுவனங்களில் புட்டிக்குப் பதினைந்து, இருபது டாலர் ஆகும். எத்தனை புட்டி கொண்டுவரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

எல்லாவற்றையும் ஒரு தம்பதிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஏழு இரவுகள், தினப் படி 18 டாலர்: இருவருக்கும் சேர்த்து 252 டாலர். ஒரே ஓர் இரவு சிறப்பு உணவகம், ஆளுக்கு 60 டாலர்: 120. ஆளுக்கொரு கோப்பை ஒயின், தலா 14 டாலர்: 28. இந்த 148 டாலரின் மீது 18 சதவீதம்: சுமார் 27. ஆக, தினப் படி நீங்கலாக, அந்த ஓர் இரவில் இருவரின் செலவு 175 டாலர். விளம்பரத்தில் கண்ணில் பட்ட எண் ஆளுக்கு அறுபது. கணக்கில் ஏறுவது நூற்று எழுபத்தைந்து. இது மோசடி இல்லை. எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் எழுதியிருக்காது.

இதுவரை பார்த்ததில் மூன்று கேள்விகள் கைவசம் இருந்தால் போதும். இது கவர் சார்ஜா, அ லா கார்ட்டா? சேவைப் படி இந்த விலைக்குள்ளா, வெளியிலா? என் திட்டத்தில் குடிபானம் அடக்கமா?

கட்டணமே இல்லாத கப்பல்கள்

ஓஷியானியா போன்ற நிறுவனங்கள் சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. பயணச்சீட்டு விலையே அதற்கேற்ப உயரமாக இருக்கும். ஆனால் அங்கும் நினைத்த இரவில் நுழைந்துவிட முடியாது. முன்பதிவு வேண்டும், விலை கூடிய அறைகளை எடுத்தவர்களுக்கு முன்பதிவில் முன்னுரிமை. பணம் வழிவிட்ட இடத்தில் முறை வந்து நிற்கிறது, ஏனென்றால் நாற்காலிகள் அங்கும் எண்ணி வைத்தவைதான்.

குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 இன்னொரு வழியில் போகிறது. நீங்கள் எடுத்த அறையே உங்கள் உணவகத்தைத் தீர்மானிக்கும். சாதாரண அறைக்காரர்களுக்கு பிரிட்டானியா உணவகம், சூட் எனப்படும் விசாலமான உயர்தர அறைகளுக்கு பிரின்சஸ் கிரில், அதற்கும் மேலே குயின்ஸ் கிரில். கிரில் பயணிகளுக்கு ஒரு மேசை பயணம் முழுவதும் காத்திருக்கும். அமர்வு நேரம் என்ற கட்டாயம் இல்லை. பழைய அட்லாண்டிக் கப்பல்களின் வகுப்புப் பிரிவினை இன்றும் உயிரோடு இருக்கும் இடம் இது.

முறைகளும் அவற்றின் காரணமும்

முறை என்றதும் எல்லாரும் முள்கரண்டியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கப்பலில் அதைவிடப் பெரிய முறை நேரம். ஊரில் ஓர் உணவகத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் விட்டால், வாசலில் நிற்கும் வேறொருவருக்கு அந்த மேசை போய்விடும். கப்பலில் எட்டு மணிக்குக் காலியான மேசை அன்றிரவு முழுக்கக் காலியாகவே இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் மற்றவர்கள் எல்லாரும் ஏற்கெனவே எங்கோ சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அதனால்தான் ஒரு நாள் முன்பே ரத்து செய்யாவிட்டால் பல நிறுவனங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அமர்வு முறையில் தாமதம் இன்னும் மோசம். ஆறு பேர் மேசையில் ஒருவர் இருபது நிமிடம் கழித்து வந்தால் மற்ற ஐவரின் சூப்பும் காத்திருக்கும், இரண்டாம் அமர்வும் தள்ளிப்போகும்.

உடை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, அதனால்தான் வதந்திகளும் அதிகம். நார்வேஜியனில் ஃபார்மல் உடை, அதாவது கோட், டை போன்ற சம்பிரதாய விருந்து உடை, கட்டாயமே இல்லை. செலிப்ரிட்டி நிறுவனம் பழைய ஃபார்மல் இரவுகளைக் கைவிட்டுத் தளர்த்திக்கொண்டது. குனார்ட் இன்னும் பிடிவாதமாக நிற்கிறது. அங்கே ‘காலா’ மாலைகளில் ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது டை கட்டிய கருநிற சூட், பெண்களுக்கு மாலை விருந்து உடை. அவரவர் நாட்டின் சம்பிரதாய உடையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே பெட்டியில் ஒரு பட்டுப்புடவை இருந்தால் உலகின் எந்தக் கப்பலின் எந்த விருந்துக்கும் அது போதும். அதற்காகப் புதிதாக கவுன் வாங்க வேண்டியதே இல்லை. மற்றக் கப்பல்களின் சிறப்பு உணவகங்களில் காலர் வைத்த சட்டையும் முழுக்கால் சட்டையும் பொதுவாகப் போதுமானவை. நீச்சலுடை, கையில்லா பனியன், ரப்பர் செருப்பு ஆகியவற்றை அங்கே பொதுவாக அனுமதிப்பதில்லை.

இனி மேசை. கரண்டிகள் பண்டங்கள் வரும் வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கும். வெளிப்புறத்தில் இருப்பதை முதலில் எடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படி உள்ளே வர வேண்டும். இடப்பக்கச் சிறு தட்டு உங்கள் ரொட்டிக்கு, வலப்பக்கக் கோப்பைகள் உங்களுடையவை. ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துச் சாப்பிடலாம். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் இணையாகச் சேர்த்து வைத்தால் முடித்துவிட்டேன் என்று பொருள். பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறேன் என்று பொருள். இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் பரிமாறுபவர் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவார். யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஒயின் கேட்டால், சொமெலியே என்ற ஒயின் பரிமாறும் நிபுணர் கோப்பையில் கொஞ்சம் ஊற்றிக் காத்திருப்பார். உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. ஒயின் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். முகர்ந்துவிட்டுத் தலையசைத்தால் போதும். மது அருந்தாதவர் ‘வேண்டாம்’ என்று ஒரு முறை சொன்னால் ஒயின் கோப்பையை எடுத்துப் போய்விடுவார்கள். அதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் அமர்த்தப்பட்டால் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதும், எல்லாருக்கும் தட்டு வந்த பிறகு சாப்பிடத் தொடங்குவதும் வழக்கம். பொருந்தாத துணை அமைந்துவிட்டால் முதல் இரவு முடிந்ததும், உணவரங்கப் பொறுப்பாளரான மேட்ர டீயிடம் தனியாகச் சொல்லலாம். மூன்றாம் நாள் சொன்னால் மேசை கிடைப்பது கடினம், உடன் அமர்ந்தவர்களுக்கும் மனவருத்தம். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்பதிவுக்கு முன் வயது வரம்பைப் பார்க்க வேண்டும். டிஸ்னியின் கப்பல்கள் பலவற்றில் பாலோ உணவகம், குடும்பங்களுக்கான கப்பலில் இருந்தாலும், 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே.

பரிமாறுபவரைச் சொடுக்குப் போட்டு அழைப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். அவர்களில் பலர் இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வந்து, வார விடுமுறை இல்லாமல் வேலை செய்கிறவர்கள். சட்டையில் பெயர் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தினப் படியைச் சில நிறுவனங்களில் சேவை மேசைக்குப் போய் நீக்கச் சொல்லலாம். பணம் மிச்சம் பிடிக்கும் தந்திரமாக இதைச் சொல்லிக்கொடுப்பவர்களை நம்பாதீர்கள். அந்தப் பணம் நிறுவனத்தின் லாபத்திலிருந்து போவதில்லை. உங்கள் தட்டைத் தூக்கி வந்தவரின் கையிலிருந்து போகிறது. சிறப்பு உணவகத்தில் படி ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மேலும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மனம் நிறைந்து தனியாகக் கொடுத்தால் அது உங்கள் அன்பு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

கவர் சார்ஜ் எல்லாருக்கும் ஒன்றுதான். ஸ்டேக்ஹவுஸில் ஐம்பது டாலர் கட்டிவிட்டு உருளைக்கிழங்கும் காளானும் சாப்பிட்டு எழுவது சைவர்களுக்கு நஷ்டம். அவர்கள் இத்தாலிய உணவகத்தையோ, அ லா கார்ட் முறையில் இயங்கும் ஆசிய உணவகத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது. முட்டையும் மீனும் மாமிச வேகநீரும் கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அது கோழி வேகநீரில் செய்ததாக இருக்கலாம்.

உண்மையில் சைவர்களுக்குப் பல கப்பல்களில் சிறந்த இடம், கூடுதல் கட்டணம் இல்லாத முதன்மை உணவரங்கமே. இந்தியச் சைவ உணவை அங்கே கேட்டு வாங்கலாம். முதல் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால், மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று முந்தைய இரவே கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் சமையலறையில் ஒரு தட்டுச் சாம்பாருக்கும் ஒரு நாள் அவகாசம் வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே நிறுவனத்துக்கு எழுதி, கப்பலிலும் மறுபடி சொல்ல வேண்டும்.

கணக்கைச் சரிபார்த்தல்

கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. அறைச்சாவி அட்டையைக் காட்டினால் செலவு அறைக்கணக்கில் ஏறும், கடைசியில் உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து கழியும். கணக்கு பெரும்பாலும் டாலரில் இருக்கும். பிரிட்டிஷ் கப்பல்கள் சிலவற்றில் பவுண்டு, ஐரோப்பாவில் யூரோவும் உண்டு. இந்திய கார்டானால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் அதற்கு மேல். அறைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசிச் செயலியிலோ இரண்டு நாளைக்கு ஒரு முறை கணக்கைப் பார்த்துவிடுங்கள். ரத்து செய்த முன்பதிவுக்கும் கட்டணம் ஏறியிருந்தால், இறங்கும் நாளுக்கு முந்தைய மாலையே சேவை மேசைக்குப் போய்விடுவது நல்லது. இறங்கும் காலையில் அங்கே வரிசை நீண்டிருக்கும்.